கம்பிக்கு மேலேயும் கீழேயும்

பேரம் பேசியது மகள்தான். "நீயும் போட்டுக்கிட்டா நானும் போட்டுக்கறேன்" என்று சொன்னபோது, அம்மா ஒருநாளும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை என்று அவள் மனக்கணக்குப் போட்டிருந்தாள்.

பதினைந்து வயதுப் பெண். கீழ்வரிசைப் பற்கள் கூட்ட நெரிசலில் நிற்பவர்களைப் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. மேலே ஒரு கோரைப்பல் இடம் கிடைக்காமல் ஈறின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பல் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டி, கிளிப் போட்டே ஆகவேண்டும் என்றார். மகள் வாயை இறுக மூடிக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். வகுப்பில் கிளிப் போட்டுக்கொண்டு வந்த பெண்ணை எல்லாரும் என்னென்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். கூப்பிட்டவர்களில் அவளும் ஒருத்தி.

"அம்மாவுக்கும்தான் பல்லு கோணல். அவங்க மட்டும் சும்மா இருக்கலாமா?"

டாக்டரம்மா திரும்பி அம்மாவைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார். முன்பற்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கால்மேல் கால் போட்ட மாதிரி இருந்தன.

"உங்களுக்கும் போடலாமே. வயசு ஒரு தடையே இல்லை. ஈறு ஆரோக்கியமா இருக்கணும், அதுதான் முக்கியம்."

"அப்போ போடுங்க டாக்டர்" என்றாள் அம்மா, கடையில் புடவை எடுத்துப் பில் போடச் சொல்கிற குரலில்.

மகளுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அந்த அம்மாவை அந்தப் பகுதியில் பாதிப் பேருக்குத் தெரியும். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் பல வருடங்களாகப் பயிற்சியாளர். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தப் பிரேக்கினால் உயிர் பிழைத்த நாய்களும் சைக்கிள்களும் மதில்சுவர்களும் ஏராளம். அதனால் அவளுக்குப் பிரேக்கக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில், அடுத்தடுத்த நாற்காலிகளில் வைத்துப் போட்டார்கள். பல்லுக்கு ஒன்றாகச் சின்ன உலோகப் பொட்டுகளை ஒட்டி, அவற்றின் வழியாகக் கம்பியை ஓட்டி முடிந்ததும், க்ளினிக் நர்ஸம்மா ஒரு பிளாஸ்டிக் தாடையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். பருத்த உடம்பு, சுறுசுறுப்பான கை.

"கவனிங்க. இதுக்கு முன்னாடி பல்லு வெறும் சுவர். இப்போ சுவர்ல அலமாரி அடிச்சிருக்கோம். அலமாரின்னா தூசி சேரும். சாப்பிட்டா ஒவ்வொரு தடவையும் தேய்க்கணும். பிரஷ்ஷைச் சாய்ச்சுப் பிடிச்சு, கம்பிக்கு மேலே ஒரு தடவை, கம்பிக்குக் கீழே ஒரு தடவை, ஈறும் பல்லும் சேர்ற ஓரத்துல ஒரு தடவை. அப்புறம் இது." பாட்டில் கழுவும் பிரஷ்ஷை நகத்தளவுக்குச் சுருக்கினாற்போல ஒன்றை எடுத்து, பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவில் கம்பிக்கு அடியில் நுழைத்து எடுத்துக் காட்டினார். "ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி இந்த நூலைக் கோத்துப் பல்லு இடுக்கெல்லாம் இழுத்து விடணும். கையில பழகிட்டா பெரிய வேலை இல்லை. விட்டுட்டீங்கன்னா பெரிய வேலை."

"இவ ஒழுங்கா பண்ணுவா. நான் விடமாட்டேன்" என்றாள் பிரேக்கக்கா மகளைக் காட்டி. புதுக் கம்பியில் உதடு மாட்டி, 'விடமாட்டேன்' என்பது 'விதமாத்தேன்' என்று வந்தது.

சொன்னபடியே விடவில்லை. மறுநாளிலிருந்து குளியலறை வாசலில் காவல் நின்றாள். மகள் தேய்த்து முடித்ததும் "வாயைத் திற" என்பாள். மகள் திறப்பாள். "இந்தப் பக்கம். உள்ளே. கோரைப்பல்லுகிட்ட பாரு, ரொட்டி அப்படியே நிக்குது. மறுபடி தேய்." மகள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தேய்ப்பாள். அச்சகத்தில் மெஷின் ஓட்டும் கணவர் வீட்டிலும் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசுகிற மாதிரிதான் பேசுவார். "நம்ம வீட்டுல ரெண்டு வாசலுக்கும் கம்பிக்கதவு போட்டாச்சு. இனிமே திருடன் பயம் இல்லை" என்று கூடத்திலிருந்து அவர் கத்துவது மாடி வீட்டுக்குக் கேட்கும்.

இந்தக் காவலில் பிரேக்கக்காவின் பல் கவனிப்பில்லாமல் போனது யார் கண்ணிலும் படவில்லை.

அவளுடைய நாள் அப்படிப்பட்டது. வேலைக்குப் போகிறவர்கள் வேலைக்கு முன்னால் கற்றுக்கொள்ள வருவார்கள் என்பதால் முதல் வகுப்பு விடிகிறபோதே தொடங்கிவிடும். அவசரமாக வாயில் பிரஷ்ஷை நுழைத்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு ஓடுவாள். அதன்பின் ஒருவர் இறங்க அடுத்தவர் ஏறுவார். நடுவில் கிடைக்கும் இடைவெளியில் டீ, அதில் நனைத்த பிஸ்கட். கம்பி போட்டபிறகு மெல்லுவது வலித்ததால் பிஸ்கட் இன்னும் அதிகமானது. பிஸ்கட் மாவு பொட்டுகளைச் சுற்றிப் பூசிக்கொண்டு மாலைவரை அப்படியே இருக்கும். பயிற்சிப் பள்ளியில் கை கழுவ ஒரே குழாய்தான். பின்பக்கம் கார் கழுவுகிற இடத்தில் இருந்தது அது. அங்கே நின்று வாயில் நுரையோடு பல் தேய்க்கிற காட்சியை மற்ற பயிற்சியாளர்களுக்குக் காட்ட அவளுக்கு மனமில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பாள். வீட்டுக்குப் போனால் சமையல், மகளின் வாய், படுக்கை.

ஒருநாள் துப்பியபோது தொட்டியில் இளஞ்சிவப்பாக ஓடியது. கண்ணாடியில் பார்த்தாள். மேல்வரிசை ஈறு உப்பி, பளபளவென்று, பொட்டுகளின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தேய்த்ததில் புண்ணாகிவிட்டது போலிருக்கிறது என்று முடிவு செய்தாள். புண்ணான இடத்தை யாராவது தேய்ப்பார்களா? அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்த்தாள். அடுத்த வாரம் ரத்தம் வருகிற இடம் பெரிதானது. விட்டுவிடுகிற இடமும் பெரிதானது. வலி மட்டும் இல்லை. வலி இருந்திருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பாள்.

அந்தச் சமயத்தில் அவளிடம் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் வங்கி அதிகாரி. ஐம்பதைத் தாண்டியவர், மரியாதைக்காரர், கியர் மாற்றும்போது கியரிடம்கூட மன்னிப்புக் கேட்கிற ரகம். ஒருநாள் நல்ல மழை. கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டிருந்தாள். சாலைத் திருப்பத்தில் அவர் தடுமாற, அவள் அவர் பக்கம் சாய்ந்து, "கிளட்ச்சை முழுசா மிதிங்க சார், முழுசா" என்றாள். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு தன் பக்கத்துக் கண்ணாடியை மெல்ல இறக்கினார். சாரல் அவர் சட்டைமேல் அடித்தது.

"சார், மழை உள்ள வருது."

"பரவாயில்லம்மா. கொஞ்சம் காத்து வேணும்."

"நனையறீங்களே."

"நனையட்டும்மா. எனக்கு அப்படித்தான் பழக்கம்."

மறுநாள் அவர் வரவில்லை. வேறு பயிற்சியாளருடைய வண்டியில் ஏறிப் போவதைப் பார்த்தாள். பள்ளியின் முதலாளியிடம் போய்க் கேட்டாள். முதலாளி மேஜைமேல் இருந்த சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டிக்கொண்டே பேசினார்.

"அவருக்கு நேரம் ஒத்து வரலியாம்மா."

"அதே நேரத்துக்குத்தானே அந்த வண்டியில போறாரு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"என்னத்தை மனசுல வெச்சுக்கக் கூடாது? சொல்லுங்க. நான் கத்திட்டேனா? திட்டிட்டேனா?"

முதலாளி கடைசிச் சாவியை மாட்டிவிட்டு, மாட்ட வேறு சாவி இல்லாமல் நின்றார். "சே சே, உங்க பாடத்தைப் பத்தி ஒரு குறை சொல்லல. பக்கத்துல உட்கார்ந்து பேசறப்போ... கொஞ்சம் வாடை அடிக்குதுன்னு... அவரு ரொம்பத் தயங்கித்தான் சொன்னாரு."

பிரேக்கக்கா திரும்பி நடந்தாள். வெளியே வந்து வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளங்கையைக் குவித்து வாய்முன் வைத்து ஊதி முகர்ந்து பார்த்தாள். தனக்கே தெரியவில்லை. இத்தனை நாளாக எத்தனை பேர் கண்ணாடியை இறக்கினார்கள் என்று ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். காற்று வேண்டும் என்றவர்கள், வெயிலிலும் ஏசி வேண்டாம் என்றவர்கள், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஓட்டிய கல்லூரிப் பெண்.

அன்றைக்கே புதினா மிட்டாய் டப்பா ஒன்று வாங்கி வண்டியில் வைத்தாள். ஒருவர் ஏறும் முன் ஒன்று, இறங்கியதும் ஒன்று. வாய் மணத்தது. சர்க்கரை நாள் முழுக்கக் கம்பியில் ஊறிக்கொண்டிருந்தது. பேசுவதைக் குறைத்தாள், 'கிளட்ச்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் விரலால் காட்டினாள். வீட்டில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்துபோய் ஏதாவது வேலை செய்தாள்.

கம்பி இறுக்கும் நாள் வந்தது. இருவரும் போனார்கள். நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டரம்மா பிரேக்கக்காவின் உதட்டை விலக்கிப் பார்த்தார். நர்ஸம்மாவிடம் சாய மாத்திரை கொண்டுவரச் சொன்னார். நர்ஸம்மா இரண்டு மாத்திரைகளை எடுத்துவந்து, ஒன்று அம்மாவுக்கும் ஒன்று மகளுக்கும் கொடுத்தார்.

"மென்னு நாக்கால எல்லாப் பக்கமும் தடவுங்க. அப்புறம் கொப்பளிச்சிடுங்க. அழுக்கு இருக்கற இடத்துல மட்டும் சாயம் ஒட்டும். சுத்தமான பல்லுல ஒட்டாது."

இருவர் கையிலும் கண்ணாடி கொடுத்தார்கள். மகளின் பற்களில் கடைவாய்ப் பக்கம் இரண்டு இடத்தில் லேசாக ரோஸ் நிறம். மற்றபடி வெள்ளை. பிரேக்கக்கா தன் கண்ணாடியைப் பார்த்தாள். நாவல்பழத்தைக் கூடையோடு தின்றவள் வாய்போல ஊதாவாக இருந்தது. பொட்டுகளைச் சுற்றி, ஈறோரம் முழுக்க, பற்களின் இடுக்கெல்லாம். வெள்ளையாக ஒரு இடமும் தேறவில்லை.

மகள் எட்டிப் பார்த்தாள். முதலில் சிரிப்புதான் வந்தது அவளுக்கு. அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"ரத்தம் வருதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கொஞ்ச நாளா."

"ரத்தம் வர்ற இடத்துல தேய்க்காம விட்டீங்களா?"

"புண்ணு பெருசாகிடுமேன்னு..."

"எல்லாரும் பண்றதுதான். ஆனா அது தேய்ச்சதால வந்த புண்ணு இல்லை, தேய்க்காததால வந்த வீக்கம். அழுக்கு அங்கேயே இருக்கறதாலதான் ரத்தம் வருது. நீங்க விட விட அது ஜாஸ்தியாகும்." டாக்டரம்மா கருவியின் நுனியால் மேல் முன்பல் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். பொட்டின் ஓரத்தில் சுண்ணாம்பு தீற்றினாற்போல ஒரு வெள்ளைத் திட்டு. "இது பல்லோட மேல்பூச்சு அரிக்க ஆரம்பிச்சிருக்கு. இனிப்பு ஏதாவது அடிக்கடி சாப்பிடறீங்களா?"

"புதினா மிட்டாய்."

"எதுக்கு?"

பிரேக்கக்கா மகள் பக்கம் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "வாய் நாத்தம் அடிக்குதுன்னு" என்றாள்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு அவள் முகத்துக்கு நேரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னைக்குக் கம்பியை எடுத்துடறேன். பொட்டு இருக்கட்டும். நர்ஸம்மா சுத்தம் பண்ணி விடுவாங்க. ஈறு ஆறினாத்தான் மறுபடி கம்பி. இந்த நிலைமையில பல்லை நகர்த்தினா எலும்பு பாதிக்கும். கம்பி இல்லாத நாள்ல நகர்ந்த பல்லு கொஞ்சம் திரும்பிப் போகப் பார்க்கும், அது நஷ்டம்தான். அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தா பொட்டையும் எடுத்துடலாம். அதுக்கு மேல இழுக்கறது உங்களுக்கு நல்லதில்லை."

மகளுக்குக் கம்பி மாற்றி இறுக்கினார்கள். அம்மாவுக்குக் கம்பியைக் கழற்றி, பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். திரும்புகிற வழியில் பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே மகள் ஆரம்பித்தாள். "தேய்ச்சிட்டேன் தேய்ச்சிட்டேன்னு தினமும் பொய்தானே சொன்னே?"

"தேய்ச்சேன்டி. அவசரத்துல தேய்ச்சேன்."

"நான் அவசரம்னு சொன்னா விட்டியா? ஸ்கூல் பஸ்ஸு ஹாரன் அடிச்சிட்டு நிக்கும், நீ மறுபடி தேய்ன்னு நிப்பே. தினமும் உங்கிட்ட வாயைத் திறந்து காட்டினேன்ல? நீ ஒருநாள் எனக்குக் காட்டினியா?"

"அம்மாகிட்ட பேசற பேச்சா இது?"

"நான் அம்மாகிட்ட பேசல. என்கூடச் சேர்ந்து கிளிப் போட்டுக்கிட்டவங்ககிட்ட பேசறேன்."

பிரேக்கக்கா சமையலறைக்குள் போனாள். மகள் பின்னாலேயே வந்தாள்.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு?" என்றாள் பிரேக்கக்கா பாத்திரத்தைத் தேவையில்லாமல் தேய்த்துக்கொண்டு. "உனக்காகத்தான் போட்டுக்கிட்டேன். நீ போட்டுக்கிட்டாச்சு. அடுத்த தடவை போய் எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லிடறேன். இந்த வயசுல பல்லு நேரா இருந்து யாரைப் பார்க்கப் போறேன்."

"அப்போ எனக்கும் எடுக்கச் சொல்லு. அதானே பேச்சு?"

இதை மகள் கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் சொன்னபிறகு இருவருக்கும் புரிந்தது, பேரத்தின்படி அது நியாயமான வார்த்தை என்று. பிரேக்கக்கா கையிலிருந்த பாத்திரத்தை வைத்தாள்.

மகள் போனில் டார்ச்சைப் போட்டாள். "வாயைத் திற."

"போடி."

"திறம்மா."

திறந்தாள். மகள் அண்ணாந்து, குனிந்து, பக்கவாட்டில் பார்த்தாள். விரலால் உதட்டைத் தூக்கினாள். சுத்தம் செய்த ஈறு செக்கச்செவேல் என்று வீங்கிக் கிடந்தது. விரல் பட்ட இடத்தில் ஒரு ரத்தப் புள்ளி துளிர்த்தது. மகளின் குரல் இறங்கிவிட்டது.

"வலிக்குதாம்மா?"

"வலிக்கல. வலிச்சிருந்தா கவனிச்சிருப்பேன்."

அன்று படுக்கையில் பிரேக்கக்கா கணவரிடம் கேட்டாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு. "என் வாய் நாத்தம் அடிச்சது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் எப்போதும் பேசுகிற குரலில் பேசவில்லை. "தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ரோஷத்துல எல்லாத்தையும் கழட்டிப் போட்டுடுவே. உனக்கு அதுமேல எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும். பொண்ணுக்காகன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டே. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு பார்க்க வந்தப்போ எடுத்த போட்டோவுல ஆரம்பிச்சு இன்னைவரைக்கும் ஒரு போட்டோவுல நீ பல்லைக் காட்டினது கிடையாது. எனக்குக் கண்ணு இல்லையா?"

அவர் சொன்னது உண்மை. சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, கால்மேல் கால் போட்டிருந்த முன்பற்கள் காலைக் கீழே இறக்கிவிட்டனவா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இறக்க ஆரம்பித்திருந்தன. அதை யாரிடமும் சொல்லவில்லை.

"இருந்தாலும் சொல்லியிருக்கணும்" என்றாள்.

"சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றார் அவர்.

மறுநாள் காலை தேய்க்க நின்றபோது பயமாகத்தான் இருந்தது. பிரஷ்ஷைச் சாய்த்து ஈறோரத்தில் வைத்ததும் ரத்தம் வந்தது. நிறுத்தத் தோன்றியது. நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருந்தார்: முதல் வாரம் வரத்தான் செய்யும், மிருதுவான பிரஷ்ஷால் அழுத்தாமல் தேய்த்துக்கொண்டே இருங்கள், தானாக நிற்கும் என்று. தொட்டியைப் பார்க்காமல் தேய்த்தாள். பக்கத்தில் மகள் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே கண்ணாடியில், முழங்கை முழங்கையை இடிக்க, நுரையோடு நின்றார்கள்.

"நான் எங்கே போய் ஷேவ் பண்றது? மாடிப்படியிலயா?" என்று வெளியே இருந்து கத்தல் வந்தது.

"அழ்ஜு நிமிஷங்க" என்றாள் பிரேக்கக்கா நுரை தெறிக்க.

வீட்டில் செய்வது ஒரு பாதிதான். வெளியே செய்வதுதான் சிக்கல். அவள் முதலாளியிடம் போய், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போடச் சொன்னாள்.

"எதுக்கும்மா?"

"சாப்பிட்டா பல்லு தேய்க்கணும்."

முதலாளி சிரித்துவிட்டார். "பல்லு தேய்க்க இன்டர்வெல்லா? வந்தவங்க எல்லாம் வரிசையில நிக்கறாங்க."

"நிக்கட்டும் சார். என் வண்டியில மழையில நனைஞ்சாரே ஒருத்தர், அவரை மாதிரி இன்னும் நாலு பேர் வேற வண்டி கேட்டா அந்த வரிசை தானா கரைஞ்சிடும்."

முதலாளி அட்டவணையை இழுத்து வைத்து, அவள் வகுப்புகளுக்கு நடுவில் கொஞ்சம் நேரம் விட்டு எழுதினார்.

பிஸ்கட்டை நிறுத்தினாள். இது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. முதல் சில நாட்கள் டீயையே வெறுத்தாள். மிட்டாய் டப்பாவைப் பயிற்சிப் பள்ளி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாள். அது இருந்த இடத்தில் பிரஷ், பேஸ்ட், குட்டிப் பிரஷ், ஒரு கைக்கண்ணாடி. சாப்பிட்டதும் பின்பக்கம் குழாயடிக்குப் போய் நின்று தேய்த்தாள். முதல் நாள் கார் கழுவுகிறவர் ஹோஸைக் கையில் பிடித்தபடி வாய் பிளந்து பார்த்தார்.

"என்னண்ணே பார்க்கறீங்க? நீங்க வண்டியைக் கழுவுங்க, நான் என்னுதைக் கழுவறேன்."

ஒரு வாரத்தில் யாரும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில், சாப்பிட்டபின் வாய் கொப்பளிக்கிற பழக்கமே இல்லாத ஒரு பயிற்சியாளர்கூட அவளுக்குப் பின்னால் வந்து நின்று, எதற்கு வந்தோம் என்று தெரியாதவர்போல வாய் கொப்பளித்துவிட்டுப் போனார்.

எல்லா நாளும் ஒழுங்காக நடந்துவிடவில்லை. தூரத்து மைதானத்தில் லைசென்ஸ் தேர்வுக்கு ஆட்களைக் கூட்டிப்போன நாளில் தண்ணீரே கிடைக்கவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கொப்பளித்து ஒப்பேற்றினாள். ஒருநாள் காய்ச்சலில் அப்படியே தூங்கிப்போனாள். மகள் எழுப்பிப் பார்த்தாள். எழவில்லை என்றதும் விட்டுவிட்டாள். ஆனால் மறுநாள் காலையில், "நேத்து ராத்திரி தேய்க்கல, சேர்த்துத் தேய்" என்று பிரஷ்ஷோடு வந்து நின்றாள். இப்போது வாயைத் திறந்து காட்டுவது இரண்டு பக்கமும் நடந்தது. அம்மாவின் பரிசோதனையைவிட மகளின் பரிசோதனை கறாராக இருந்தது.

ரத்தம் முதலில் ஒரு பக்கம் நின்றது. மற்றப் பக்கம் இழுத்தடித்தது. ஒருநாள் துப்பியபோது வெறும் வெள்ளை நுரை மட்டும் ஓடியது. பிரேக்கக்கா நம்பாமல் மறுபடி தேய்த்துத் துப்பினாள். வெள்ளைதான். மகளைக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் என்று திரும்பினாள். அதற்குள் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டிருந்தது.

அடுத்த தடவை க்ளினிக்கில் டாக்டரம்மா ஈறோரத்தில் மெல்லிய கருவியை விட்டு ஒவ்வொரு பல்லாக அழுத்திப் பார்த்துக்கொண்டு போனார். பிரேக்கக்கா நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் மகள் நகத்தைக் கடிக்கப் போய், கம்பி தடுத்ததால் விட்டாள்.

"நல்லா ஆறிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "கடைசிப் பல்லுக்குப் பின்னாடி மட்டும் இன்னும் கொஞ்சம் எட்டித் தேய்க்கணும். இன்னைக்குக் கம்பி போட்டுடலாம்."

"அந்த வெள்ளைத் திட்டு?"

"அது போகாது. மேற்கொண்டு பரவாம நின்னிருக்கு, அதுவே நல்லது. ஃப்ளூரைடு பூசி விடறேன், கொஞ்சம் மங்கும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும், மத்தவங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றாள் பிரேக்கக்கா.

"தெரியட்டுமே" என்றார் டாக்டரம்மா, கம்பியை வளைத்துக்கொண்டே. "முன்பல்லு கொஞ்சம் திரும்பிப் போயிருக்கு. அதை மறுபடி கொண்டு வரணும். உங்க பொண்ணுக்கு முடிஞ்சு ரொம்ப நாள் ஆன பிறகுதான் உங்களுக்கு முடியும். பரவாயில்லையா?"

பிரேக்கக்கா மகளைப் பார்த்தாள்.

"நீ முடிக்கற வரைக்கும் நான் கிளிப்பைப் போட்டுக்கிட்டே இருக்கமாட்டேன்மா. எனக்கு முடிஞ்சா கழட்டிடுவேன்" என்றாள் மகள்.

"யாரு இருக்கச் சொன்னா? கழட்டிக்கோ. நான் எனக்காகப் போட்டுக்கறேன்."

நர்ஸம்மா உறிஞ்சும் குழாயை அவள் வாயில் மாட்டியதால் அதற்குமேல் பேச்சு நகரவில்லை.

புதுக் கம்பி அன்று மாலையே வேலையைக் காட்டியது. தாடை முழுக்கத் தெறித்தது. பல்லைப் பல் தொட்டால் கண்ணில் நீர் வந்தது. கஞ்சியை ஸ்பூனால் ஊற்றிக்கொண்டாள். கஞ்சிதானே, கொப்பளித்தால் போதாதா என்று கணவர் கேட்டதற்குப் போதாது என்று தலையை ஆட்டிவிட்டுக் குளியலறைக்குப் போனாள். கம்பி இல்லாத நாட்களில் சுலபமாகிப் போயிருந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது: கம்பிக்கு மேலே, கம்பிக்குக் கீழே, குட்டிப் பிரஷ்ஷை அடியில் நுழைத்து ஒவ்வொரு இடுக்காக. வலிக்கிற பல்லில் பட்டபோது நின்று, மூச்சு விட்டு, மறுபடி தொடர்ந்தாள். முடிய நேரமாயிற்று.

மறுநாள் விடிகாலை வகுப்புக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். ரொட்டிக்கடைக்காரர். விரல் இடுக்கில் இன்னும் மாவு இருந்தது. ஸ்டியரிங்கைத் தொட்டிலைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். லேசான குளிர். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. வண்டியைக் கிளப்பி, தெருவைத் தாண்டி, பெரிய சாலைக்கு வந்ததும் அவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அக்கா, அது பல்லுல... வலிக்குமா?"

"ரெண்டு நாளைக்கு வலிக்கும்."

"எங்க அண்ணன் மகனுக்குப் போடச் சொல்றாங்க. அவன் பயப்படறான்."

"போடச் சொல்லுங்க. தேய்க்கறதுக்குச் சோம்பேறித்தனப்பட்டா மட்டும் போட வேண்டாம்னு சொல்லுங்க. முன்னாடி சைக்கிள் வருது, என்னைப் பார்க்காதீங்க. கிளட்ச். முழுசா மிதிங்க."

அவர் கிளட்ச்சை மிதித்து, தன் காலடிப் பிரேக்கையும் மெல்லத் தொட்டார். வண்டி குலுங்காமல் வேகம் குறைந்தது. சைக்கிள் கடந்து போனது. ஏற்றியிருந்த கண்ணாடியை அவர் இறக்கவேயில்லை. பிரேக்கக்காவின் கால் தன் பக்கத்துப் பிரேக்கின் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை.